செகண்ட் ஷிப்ட் பார்த்த படம்

எனக்கு மிகவும் பிடித்த படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் போடும்போது நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். முடிவும் தெரியாது. முடிவு ஓடும்போது நான் கம்பெனியில் தையல் லைனில் நின்று கார் சீட்டு உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் நன்றாகத் தெரியும். அதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

இதில் என் தப்பு எதுவும் இல்லை. எங்கள் கம்பெனி பஸ் அப்படி. படப்பையில் கிளம்பி, எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் நின்று, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். கண்டெய்னர் லாரிகள் மனசு வைத்தால் குறையும். அவை மனசு வைத்து நாங்கள் பார்த்ததில்லை. டிரைவர் பரசுராமன் அண்ணன் பஸ்ஸின் முன்பக்கம் ஒரு டிவி மாட்டியிருக்கிறார். காலையில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களை ஏற்றியதும் ஒரு படத்தைப் போடுவார். கம்பெனி கேட் வந்ததும் நிறுத்துவார். மதியம் செகண்ட் ஷிப்டை ஏற்றும்போது விட்ட இடத்திலிருந்து போடுவார். அவர்களை இறக்கிவிட்டு, ஃபர்ஸ்ட் ஷிப்டை வீட்டுக்கு அழைத்துப் போகும்போது மிச்சம் ஓடும். ராத்திரி செகண்ட் ஷிப்ட் திரும்பும்போது எல்லோரும் தூங்குவார்கள் என்று டிவி கிடையாது. ஆக, காலை ஷிப்டுக்குத் தலையும் வாலும், மதிய ஷிப்டுக்கு நடுத்துண்டு. மீனாக இருந்தால் செகண்ட் ஷிப்டுக்குத்தான் லாபம். படத்தில் அப்படி இல்லை.

"எங்களுக்கும் மொதல்லருந்து போட்டா இன்னாண்ணா" என்று மெர்சி ஒருமுறை கேட்டாள். மெர்சி எனக்குப் பக்கத்து டேபிள்.

"ஒரே படத்த மொதல்லருந்து திருப்பித் திருப்பி போட்டா எனக்கு போர் அடிக்காதாம்மா" என்றார் பரசுராமன் அண்ணன். அவர் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டுகிறார் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம்.

வாராவாரம் ஷிப்ட் மாறும்தான். ஆனால் அதற்குள் படமும் மாறிவிடும். அதனால் எங்கள் பஸ்ஸில் ஒரு படத்தை முழுதாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதற்காகப் பிடித்த சீன் இல்லாதவரும் ஒருவர் இல்லை. மெர்சிக்குப் பிடித்தது, ஹீரோ ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் லாரியை நிறுத்துகிற சீன். யாருடைய குழந்தை என்று கேட்டால் தெரியாது. "எவன் புள்ளையா இருந்தா இன்னா, தூக்கிகினு நிக்கிறான் பாரு, அதான் சீனு" என்பாள். பேக்கிங்கில் இருக்கும் திருநெல்வேலிக்காரர் நயினாருக்கு, ஒரு பெரியவர் கோயில் படியில் உட்கார்ந்து அழுகிற சீன். "அந்த மனுசன் எவ்வளவு நல்லவரு தெரியுமாலே" என்று கண் கலங்குவார். அந்த மனுசன்தான் படத்தின் வில்லன், அழுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஊரையே கொளுத்தினவன் என்று காலை ஷிப்ட்காரர்கள் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. நயினார் நம்புவதாக இல்லை. நேரில் பார்த்தது அழுகையைத்தானே.

சரி, என் சீனுக்கு வருகிறேன். நாங்கள் பஸ் ஏறும்போது படம் ஒரு வீட்டுக்குள் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஆணியில் சிவப்புக் கயிறு போட்ட ஐடி கார்டு. ஹீரோயின் அடுப்படியில் நின்று இரண்டு டப்பாக்களில் சோறு கட்டுகிறாள். ஒன்றைப் புருசன் வாங்கிக்கொண்டு பைக்கில் போகிறான். இன்னொன்றை அவள் இறுக்கி மூடி, பையில் வைத்து, ஜிப் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். வந்து நிற்கிறாள். அப்புறம்தான் ஞாபகம் வருகிறது, போக வேலை இல்லை என்று. பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வீடு கூட்டுகிறாள். மத்தியானம் தரையில் உட்கார்ந்து அந்த ஜிப்பைத் திறந்து, டப்பாவைத் திறந்து, சாப்பிடுகிறாள். சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேக வேகமாக அள்ளிச் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் சீன்.

பாட்டு இல்லை, சண்டை இல்லை. பஸ்ஸில் பாதிப் பேர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டு, கை கழுவி, லைனுக்குத் திரும்பிப் பழகினவர்கள் அப்படித்தான் சாப்பிடுவோம். லீவு நாளில் வீட்டில் சாப்பிட்டாலும் அம்மா திட்டுவாள், யாரு துரத்துறாங்க உன்ன என்று. ஆனால் அந்த ஹீரோயினுக்கு பெல் அடிக்க யாரும் இல்லை. அவ்வளவு அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு அவள் எங்கே போகப் போகிறாள்? அந்தக் கேள்வியோடுதான் அன்றைக்கு நான் கேட்டில் இறங்கினேன்.

பாவம், அவள் கம்பெனியில் ஆட்குறைப்பு போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு வேலை போனால் வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. அந்த வாரம் காலை ஷிப்ட் பையன்கள் கேட்டுக் கேட்டு அதே படத்தைப் போட வைத்தார்கள். நானும் அதே நடுத்துண்டை மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அவள் அதே வேகத்தில் சாப்பிட்டாள்.

பரசுராமன் அண்ணனுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து யாருக்கு யார் பொருந்தும் என்று யோசிப்பார். எனக்கு மெயின்டனன்ஸில் இருக்கும் ரகுவைப் பொருத்தினார். நான் காலை ஷிப்டில் இருந்தால் ரகு மதியம், நான் மதியம் என்றால் அவர் காலை. "ரெண்டும் ஒரே சீட்லதாம்மா குந்துது, வேற வேற நேரத்துல" என்று அம்மாவிடம் வந்து சொன்னார். ஜாதகமும் பொருந்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ரகுவை ஏற்கெனவே பிடிக்கும். ஒருமுறை அவர் ஓ.டி.யில் நின்றிருந்தபோது என் லைனில் ஒரு தையல் மெஷின் நின்றுபோனது. மற்ற மெக்கானிக்குகள் வந்தால் மெஷின் ஓடும், அப்புறம் தைக்கிற முதல் பத்து உறைகளில் அவர்களுடைய விரல் ரேகை கறுப்பாக இருக்கும். ரகு வேலையை முடித்துவிட்டு மெஷினைத் துடைத்தார், மேசையைத் துடைத்தார், கடைசியில் தன் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் துணித் துண்டைத் தைத்துப் பார்த்துவிட்டுப் போனார். கத்தவில்லை, எகிறவில்லை, என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. படங்களில் ஹீரோயினை மயக்க ஹீரோ மலையிலிருந்து குதிக்கிறான். நான் ஒரு துடைத்த மெஷினுக்கு மயங்கினேன்.

ஆனால் ஒரு விஷயம் இருந்தது. அப்போதுதான் என்னை லைன் லீடர் ஆக்கியிருந்தார்கள். பெரிய பதவி. முன்னே என்னை ஒருவர் திட்டினார், லீடர் ஆனதும் மூன்று பேர் திட்டுகிறார்கள். கழுத்தில் ஐடி கார்டுக்குச் சாதாரணக் கயிறு போய் நீலக் கயிறு வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் தையல் பிசகினால் "அக்கா, இத்த கொஞ்சம் பாரு" என்று கூப்பிடுவார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்வதில்லை. கல்யாணம் வேண்டும், ரகுவும் வேண்டும், நீலக் கயிறும் வேண்டும். மூன்றும் கேட்கிறவளுக்குப் பேராசைக்காரி என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பையன் வருவதற்கு முன்பே கேசரி ஆறிவிட்டது. ரகுவின் அம்மா முனியம்மாள் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். "நல்லா காப்பு காச்சிகீது. உழைக்கிற புள்ள" என்றார். அப்புறம், "பகல்ல வூட்ல நான் ஒண்டிதாம்மா. செவுத்தயே பாத்துகினு குந்திகீறேன். ஒரு ஆளு வந்தா பேச்சுத் துணையா இருக்கும்" என்றார். நல்ல மனுஷி. அவரை எனக்குப் பிடித்ததுதான் சிக்கலே.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். தனியாக என்றால் தண்ணீர் டேங்க், காயும் மிளகாய், படிக்கட்டில் காது வைத்திருக்கும் என் அம்மா சந்திரம்மாள், இவ்வளவு பேரோடு தனியாக.

ரகு கொஞ்ச நேரம் டேங்கைப் பார்த்தார். லீக் ஆகிறதா என்று பார்த்திருக்கலாம். அப்புறம், "உங்களுக்குப் புடிச்ச சீனு எது" என்றார்.

சமையல் தெரியுமா, பாட்டு தெரியுமா என்று கேட்பார் என்று தயாராக இருந்தவளுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. "மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றேன்.

"அந்த ஃபேக்டரி படம். மூணு தபா பாத்துட்டேன். ஹீரோயினி ஷிப்ட் முடிச்சிகினு கேட்டாண்ட வருவா. ஹீரோ நேரா போயி அவ கழுத்துல கீற ஐடி கார்ட கழட்டுவான். இனிமே உன் கழுத்துல கம்பெனி பேரு வேணாம், என் பேரு போதும்னு சொல்லிட்டு தாலி கட்டுவான். செக்யூரிட்டிலாம் கை தட்டுவாங்க. அத்தோட நம்ம கேட்டு வந்துடும்."

எங்கள் கேட்டில் இப்படி நடந்தால் செக்யூரிட்டி முதலில் கேட் பாஸ் கேட்பார், அப்புறம் தாலியை ஸ்கேன் பண்ணச் சொல்வார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரகுவே தொடர்ந்தார்.

"சிரிக்காதீங்க. இந்தப் பக்கத்துல பாதி கம்பெனி கட்டும்போது எங்கம்மா சித்தாளா போச்சு. ஜல்லி சொமந்து சொமந்து கழுத்து நரம்பு புடிச்சிகினு ராவெல்லாம் அழும். ஒரு ஆளுகூட வந்து போதும்னு சொன்னதில்ல. அப்பாவும் சொல்லல. அந்த சீன் பாத்தா எனக்கு அதான் ஞாபகம் வரும். நம்ம வூட்டுக்கு வர்ற பொண்ணுக்கு அந்தக் கஷ்டம் வேணாம்னு நெனப்பேன். நீங்களும் நாள் பூரா நின்னுகினே கீறீங்க. போதும்ங்க."

கேலி என் வாயிலேயே நின்றுவிட்டது. மூன்று மணி நேரப் படத்தில் தன் அம்மாவுக்கு வேண்டியிருந்த ஒரு நிமிடத்தைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிற ஆளை என்ன சொல்லிக் கிண்டல் செய்வது? அவர் சொன்னதில் அன்பு இருந்தது. என் வேலையும் அதிலேயே போய்விட்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அந்த ஐடி கார்டுக்கு கயிறு சிவப்பா" என்று கேட்டேன்.

"ஆமா."

"அப்போ அவள வேலைய விட்டு தூக்கல."

"யாரு தூக்குனாங்க?"

"நான் ஆட்குறைப்புன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றேன். பிறகு என் சீனைச் சொன்னேன். இரண்டு டப்பா, பை, ஜிப், வாசல், கடிகாரம், அவசரம். மிளகாய் நெடியில் கண் எரிந்தது. மிளகாயாகத்தான் இருக்க வேண்டும்.

ரகு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்டி ஒரு சீனே அதுல கெடையாதே" என்றார்.

"நான் மூணு தபா பாத்தேன்."

"நானும்தான் மூணு தபா பாத்தேன். தாலி கட்டுவான், அப்பால வில்லன் ஆளுங்கள அடிப்பான், வூட்டுக்கு வருவான், அவ சாவி எடுத்துக் குடுப்பா, படம் முடிஞ்சிடும். அவ நல்லாத்தான கீறா. சிரிச்சிகினுதான குடுக்குறா."

தாலிக்கும் சண்டைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் காணவில்லையே, அதில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் அவளை வீட்டில் உட்கார வைத்தது யார் என்று தோன்றவில்லை. ஆளுக்கு மூன்று தடவை பார்த்த இரண்டு பேர், ஒரு முழுப் படத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ரகுதான் வழி சொன்னார். "அடுத்த வாரம் நான் செகண்டு, நீங்க ஃபர்ஸ்டு. பரசுண்ணாவ அதே படத்த போடச் சொல்றேன். நீங்க மொதல்லயும் கடைசியும் பாருங்க. நான் நடுவுல பாக்குறேன். அப்பால பேசிக்கலாம்."

"வேலைக்குப் போறதப் பத்தி?"

"அதுவுந்தான். பாத்துட்டு சொல்றேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கீழே எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். படம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றதும் அம்மா முகம் மாறியது. "கல்யாணத்துக்கு முன்னாடியே சேந்து சினிமாவுக்கு போறீங்களா" என்றாள்.

"சேந்து இல்லம்மா. தனித்தனியா. பஸ்ல."

அம்மா கேசரித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் கை நழுவிப் போய்விட்டாள் என்று முடிவு கட்டியிருப்பாள். விருந்தாளிகள் போனதும், "இந்த இடத்தையும் வுட்றாத சத்யா. நல்ல பையன்டி" என்றாள். அவள் கெஞ்சினால்தான் எனக்குத் தாங்காது, திட்டினால் சமாளித்துவிடுவேன்.

அடுத்த வாரம் காலை ஷிப்ட். பரசுராமன் அண்ணன் எனக்காக முன் சீட்டைக் காலியாக வைத்திருந்தார். "உனுக்காகத்தாம்மா போடறேன்" என்றார். அவருக்கு இது பெண் பார்க்கும் படலத்தின் இரண்டாம் பாகம்.

முதல் ஒரு மணி நேரத்தை வாயடைத்துப் போய்ப் பார்த்தேன். ஹீரோவும் ஹீரோயினும் ஒரே ஃபேக்டரி. ஹீரோ சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டு, காலில் செருப்போடு, தலையில் எதுவும் இல்லாமல் பிரஸ் மெஷினில் சாய்ந்து நிற்கிறான். நினைத்த நேரத்தில் லைனை விட்டுவிட்டு அவள் லைனுக்கு வருகிறான். சூப்பர்வைசர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் வேலை ஹீரோவின் ஜோக்குக்குச் சிரிப்பது. யாரும் டார்கெட் பற்றிப் பேசவில்லை. ஒரு பாட்டு முழுக்க கன்வேயர் காலியாக ஓடுகிறது. அந்தக் கம்பெனி மூடப்படாமல் எப்படி ஓடுகிறது என்பதுதான் படத்தின் உண்மையான மர்மம்.

ஹீரோயின் நன்றாக வேலை செய்தாள். ஒரு பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, சரியில்லை என்று ஒதுக்கி வைக்கிறாள். ஒரு நொடிதான் வருகிறது. நான் அவளை அதுவரை வீட்டில்தான் பார்த்திருந்தேன். வேலையில் அவள் முகம் வேறாக இருந்தது.

பிறகு கேட் வந்தது, படத்திலும் ரோட்டிலும். ஹீரோ அவள் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றினான். பின் சீட்டில் விசில் பறந்தது. அவளைக் கேட்டுவிட்டுக் கழற்றுகிறானா என்று கூர்ந்து பார்த்தேன். கேட்கவில்லை. இவ்வளவு பெரிய டயலாக்கில் அதற்கு இடமில்லை போலும். என் கை என்னை அறியாமல் நீலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்று லைனில் என்னால் எதையும் சரியாகக் கவனிக்க முடியவில்லை. மதியம் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ரகு பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார், அந்தச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் புரிந்துவிடும் என்று நம்பினேன். புரியாமல் போக அதில் எதுவும் இல்லை. நான் தேவாலயம் போகிறவள் இல்லை. மெர்சியிடம் எனக்காக ஒரு ஜெபம் பண்ணிக்கொள்ளச் சொன்னேன். "எதுக்குடி" என்றாள். "ஒரு சீனுக்கு" என்றேன். அவளும் பண்ணினாள்.

கேட்டுக்கு வெளியே பஸ் நின்றது. செகண்ட் ஷிப்ட் இறங்கியது. ரகு கடைசியாக இறங்கினார். கண் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"பாத்தேன்" என்றார். "நீங்க சொன்னது கரெக்டு. கீது அந்த சீனு. எனக்கு அழுகையே வந்துடுச்சிங்க. பக்கத்துல இருந்தவன் இன்னாடான்னு கேக்கறான்."

கல்யாண மண்டபம், சீர்வரிசை, நீலக் கயிற்றோடு நான் மணமேடையில் உட்கார்ந்திருப்பது வரைக்கும் அந்த ஒரு நொடியில் பார்த்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணு தனியா குந்திகினு சாப்புடுது பாருங்க. பாவம். கூட ஒரு ஆளு இல்ல." ரகு குரலைத் தாழ்த்தினார். "நான் இப்பவே சொல்றேன். நம்ம வூட்ல உங்களுக்கு அப்டி ஆவாது. எங்கம்மா கீது. ரெண்டு பேரும் சேந்து சாப்புடலாம். ஒரு நாளும் நீங்க தனியா சாப்புட வேணாம். சத்தியமா."

அவர் கண்ணில் இன்னும் தண்ணீர் இருந்தது. ஒரு வார்த்தைகூட நடிப்பில்லை. வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்றால் அவள் பக்கத்தில் இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும், அப்போது இரண்டு பேரும் தனியாக இல்லை. நல்ல மெக்கானிக். நின்றுபோனதை உடனே ஓட வைத்துவிடுவார்.

"அவ அவசரமா சாப்புட்டாளே, பாத்தீங்களா" என்று கேட்டேன்.

"பசி போல" என்றார்.

பரசுராமன் அண்ணன் ஹாரன் அடித்தார். ரகுவுக்குப் பஞ்ச் அடிக்க நேரமாகிவிட்டது. "ஏறுங்க, கடைசி சீனு பாருங்க. செம்மையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். நான் பஸ் ஏறினேன். மறுபடி அதே முன் சீட்.

கடைசி ஒரு மணி நேரம் ஹீரோ அடித்தான். குடோனில் அடித்தான், மழையில் அடித்தான், ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் நாங்கள் நின்றிருந்த நேரம் முழுக்க அடித்தான். ஒரகடம் மேம்பாலம் ஏறும்போது வில்லன் மன்னிப்புக் கேட்டான். ஒரு வழியாக ஹீரோ வீட்டுக்கு வந்தான். அவள் நெற்றியில் பெரிய பொட்டோடு சோறு போட்டாள். ஊரிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும், கை கழுவிக்கொண்டே "சாவி" என்றான்.

அவள் கதவுக்குப் பின்னால் போனாள். அதே ஆணி. அதே சிவப்புக் கயிறு. கார்டு இல்லை. கார்டு இருந்த இடத்தில் அவனுடைய பைக் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அவன் கயிற்றை விரலில் சுழற்றிக்கொண்டே போனான். பஸ் முழுக்க விசில்.

ரகு இதை மூன்று தடவை பார்த்திருக்கிறார். பைக்கைப் பார்த்திருப்பார், சிரிப்பைப் பார்த்திருப்பார். கயிறு என்ன நிறம் என்று நான் கேட்டபோது உடனே சொன்னாரே, அதனால் கயிற்றையும் பார்த்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாம் பார்த்து, அழுதும்விட்டு, பசி போல என்கிற மனுஷனுக்கு இன்னும் எந்தத் துண்டைப் போட்டுக் காட்டுவது?

சேரப்பணஞ்சேரியில் இறங்கும்போது பரசுராமன் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்னாம்மா, பையன் வூட்டுக்கு இன்னா சொல்ல?"

"வேணாம்னு சொல்லிடுங்கண்ணா."

அவர் வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு முழுசாகத் திரும்பினார். "அவன் உன்ன நல்லா வெச்சிப்பான்மா."

"ஆமாண்ணா. எங்க வெப்பாருன்னு பாத்துட்டேன்."

வீட்டுக்கு நடக்கும்போது அழுதேன். படத்துக்காக இல்லை. எனக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. வெள்ளைத் துணியில் கறை படாமல் வேலை செய்கிற இன்னொருவர் எங்கே கிடைப்பார் என்று நினைத்து அழுதேன். அம்மா, "அவனுக்கு இன்னாடி கொறச்சல்" என்று கேட்டாள். குறை எதுவும் இல்லை என்றேன். அதுதான் உண்மை. அவள் ராத்திரி சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் இரண்டு டப்பா கட்டினேன். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்றை இறுக்கி மூடி, பையில் வைத்து, ஜிப் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கொஞ்சம் நின்றேன். பஸ் ஹாரன் கேட்டது.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் மூடியை நான் திறப்பதற்கு முன்பே மெர்சி கையை விட்டு உருளைக்கிழங்கை எடுத்தாள். "ஜெபம் பலிச்சுதா" என்று வாய் நிறையக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். தையல் பிசகின உறையோடு ஒரு புதுப் பெண் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பெல் அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வேக வேகமாக அள்ளிச் சாப்பிட்டேன். எனக்குத் திரும்பிப் போக லைன் இருந்தது.